விழுந்த விமானமும் வீட்டுத் தராசும்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஹரியானாவில் கோதுமை அறுவடை முடிந்து, தாள் மட்டும் சாண் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்த ஒரு வயலில், டில்லியிலிருந்து விடியுமுன்பே புறப்பட்டு வந்த நான்கு தமிழ்க் குடும்பத்தார் கூடியிருந்தோம். வயலுக்குரியவரிடம் முதல் நாளே அனுமதி பெற்றாயிற்று. இட்டிலிப் பொட்டலங்கள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. எல்லோர் கண்களும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏந்தியிருந்த வெள்ளை விமானத்தின் மீதே இருந்தன. சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நான்கடி. நிறை 800 கிராம். நுரை அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டி, இரண்டு மாத காலம் பள்ளிப் பாடம் போக மீதியிருந்த நேரமெல்லாம் செலவிட்டு அவனே கட்டியது.

இது அதன் முதற்பயணம் அன்று. மூன்று வாரங்களுக்கு முன் ஒருமுறை பறந்து, இறங்கும்போது வரப்பில் மோதி வால் முறிந்துவிட்டது. பையன் அந்த வாலைச் செப்பனிட்டு, முன்னிருந்ததைக் காட்டிலும் இரு மடங்கு உறுதியாக்கிக் கொண்டுவந்திருந்தான். அவன் அப்படித்தான் நம்பினான். தடவிப் பார்த்த நாமும் அப்படியே நம்பினோம்.

தகப்பனார் விமானத்தைக் காற்றுக்கு எதிர்முகமாக வீசினார். மோட்டாரின் ரீங்காரத்தோடு அது கிளம்பிற்று, குழந்தைகள் கைதட்டினார்கள். ஆனால் தலைக்குமேல் இரண்டு ஆள் உயரம் ஏறியதும் அது தானாகவே மூக்கைத் தூக்கத் தொடங்கிற்று. பையன் பதறித் தாழ்த்தினான். தாழ்ந்தது, உடனே மறுபடியும் நிமிர்ந்தது. மூன்றாம் முறை அண்ணாந்து நின்றது. வேகம் முழுதும் வடிந்துபோய் ஒரு கணம் அந்தரத்தில் தயங்கிற்று. பிறகு இடது சிறகு சாய, பம்பரம்போல் சுழன்றுகொண்டே தாளுக்குள் விழுந்தது. எல்லாம் சேர்ந்து பத்து விநாடிகூட இராது. வயற்காரர் தம் எருமையை அப்பால் ஓட்டிவிட்டு ஓடிவந்து, யாருக்கும் அடிபடவில்லையே என்று கேட்டார். யாருக்கும் அடிபடவில்லை. பையனின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"இத்தோடு போதும், இனி இதற்கு ஒரு காசு கிடையாது" என்றார் தகப்பனார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அயலூரில் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பவேண்டியது என்று கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்தில், சில ஆயிரம் ரூபாய்ப் பொருள் பத்து விநாடியில் நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதன்று.

நம் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். விமானப்படையில், விமானங்களின் உடற்கூட்டைப் பழுதுபார்க்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்குமேல் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சிதைந்த உடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலை மட்டும் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை ஏந்தினார். பிறகு, "தம்பி, இந்த வாலில் எத்தனை கிராம் ஏற்றினாய்?" என்று கேட்டார்.

பையன் விழித்தான். "எத்தனை கிராம் என்று பார்க்கவில்லை, மாமா. கெட்டியாக ஒட்டினேன்."

"அதுதான் விழுந்திருக்கிறது. நீ ஓட்டியதில் பிழை கொஞ்சந்தான். உன் அம்மாவிடம் சமையலறைத் தராசு இருக்குமே, இன்று மாலை அதை எடுத்து வை, வருகிறேன்" என்றார்.

அந்த மாலையில் நடந்ததைச் சொல்வதற்கு முன், இக்கலையை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். ரேடியோ விசையால் இயங்கும் மாதிரி விமானம் என்பது, உள்ளே ஆள் இல்லை என்ற ஒன்றைத் தவிர, மற்ற எல்லா வகையிலும் விமானமே. சிறகு, வால், வாலில் ஏற்ற இறக்கத்துக்கு எலிவேட்டர், திசை திருப்ப ரடர் என்னும் சுக்கான், சிறகின் பின்விளிம்பில் பக்கவாட்டில் சாய்ப்பதற்கு எய்லெரான் என்று உறுப்புகளும் அவையே. விழும் காரணங்களும் அவையே. தரையில் நிற்பவன் கையில் டிரான்ஸ்மிட்டர், விமானத்தினுள் ரிசீவர். ரிசீவரின் கட்டளைக்கேற்பச் சுக்கான்களை இழுத்துத் தள்ளுபவை சர்வோ என்னும் சிறு பெட்டிகள். இத்தகைய விமானத்துக்கு ஒன்பது கிராம் எடையுள்ள சர்வோவே போதும். அதற்குள் ஒரு குட்டி மோட்டார், நான்கைந்து பற்சக்கரங்கள், கரம் எங்கே நிற்கிறது என்பதை உணர்த்தும் ஓர் உறுப்பு ஆகியவை அடங்கியிருக்கின்றன. ஒரு விநாடியை ஆயிரமாகப் பகுத்து, அதில் ஒன்றரைப் பங்கு நேரம் நீடிக்கும் மின்துடிப்பு வந்தால் கரம் நடுவில் நிற்கும். துடிப்பு குறைந்தால் ஒரு புறமும் நீண்டால் மறுபுறமும் சாயும். இவ்வளவு நுட்பமான பொருள் தீப்பெட்டியில் பாதி அளவுக்குள் அடங்கிவிடுகிறது என்பதை நினைத்தால் நமக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

தொடக்க காலத்தில் இவ்வளவு வசதி கிடையாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் 1937-இல் 'கஃப்' என்று பெயரிட்ட தங்கள் மாதிரியை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார்கள். அக்காலத்து ரேடியோவுக்கு வால்வு வேண்டும். வால்வுக்குக் கனமான பேட்டரி வேண்டும். அவற்றைச் சுமக்கப் பெரிய சிறகு வேண்டும். அதனால் அதன் சிறகு ஏறத்தாழ எட்டடி நீளம் இருந்தது. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் விமானக் காட்சிசாலை அதை வைத்துப் பாதுகாத்துவருகிறது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள், முறுக்கிய ரப்பரின் விசையால் சுக்கானை ஒரேயடியாக வலப்புறமோ இடப்புறமோ தள்ளும் ஏற்பாடே பெரும்பாலோரிடம் இருந்தது. விசையை அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் நேர். விரல் அசையும் அளவுக்கே சுக்கானும் அசையும் முறை 1960-களில்தான் பரவிற்று.

ஒரே மைதானத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் டிரான்ஸ்மிட்டரைத் திறந்துவிட்டால் இரண்டு விமானமும் விழும் என்ற பெருந்தொல்லையும் அந்நாளில் இருந்தது. 2005-ஐ ஒட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவிகள் வந்தபின் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. நம் நாட்டிலும் அவ்வாண்டிலேயே, குறைந்த திறனுடைய கருவிகள் அவ்வலைவரிசையைத் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்தலாமென விதி பிறந்தது.

பழுதுபார்ப்பதற்கும் இக்கலைக்கும் உள்ள உறவு ரேடியோவைவிடப் பழையது. பிரெஞ்சுக்காரரான அல்ஃபோன்ஸ் பெனோ 1871-இல், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானம் ஒன்றைப் பாரிஸ் நகரத் தோட்டத்தில் 11 விநாடிகள் பறக்கவிட்டார். ஆள் தொடாமல் தானே நிலை தவறாது பறந்த விமானம் அது. அவருடைய முறையைத் தழுவிச் செய்த ஒரு பறக்கும் பொம்மையை 1878-இல் மில்ட்டன் ரைட் என்னும் பாதிரியார் தம் இரு புதல்வர்களுக்கு வாங்கிவந்தார். மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் ஆன பொம்மை. பிள்ளைகள் அது உடையும்வரை விளையாடினார்கள். உடைந்தபின் அதைப் பார்த்துத் தாங்களே செய்தார்கள். மேலும் மேலும் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாகப் பெரிதாக அது பறக்க மறுத்தது. நீள அகலங்கள் இரு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்பது அப்போது தங்களுக்குத் தெரியவில்லையென்று பிற்காலத்தில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். வில்பருக்கு அப்போது வயது 11, ஆர்வில்லுக்கு 7. அந்தப் பொம்மை உடைந்த அன்றே அவர்களுடைய தகப்பனார், "இத்தோடு போதும்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, யார் கண்டது!

இனி அந்த மாலைக்கு வருவோம். கூடத்தில் பழைய செய்தித்தாள் விரித்து, நடுவே தராசை வைத்துக்கொண்டு பெரியவர் அமர்ந்தார். தராசு பையனின் தாயாருடையது. தீபாவளிப் பட்சணத்துக்குச் சர்க்கரை நிறுக்க வாங்கியது. ஒரு கிராம்வரை காட்டும். வரைபடத்தைப் பார்த்து, அதே நுரை அட்டையில் அதே அளவில் புதிய வால் ஒன்றை வெட்டச் சொன்னார். நிறுத்தால் 31 கிராம். பழைய வாலை வைத்தார், 55 கிராம். க்ளூ கன் என்று சொல்லும் பசைத் துப்பாக்கியால் மூன்று குச்சிப் பசையை உருக்கி ஊற்றி, மேலுக்கு மூங்கில் சிராய்களையும் வைத்து, அதன்மேல் நாடாவையும் சுற்றியிருந்தான். மிச்சப்பட்டது உறுதி, மிகையானது 24 கிராம்.

"இருபத்துநாலு கிராம் ஒரு பெரிய கனமா?" என்று தகப்பனார் கேட்டார். எலுமிச்சம்பழத்தில் பாதிகூட இல்லை. கேள்வி நியாயமானதே, நாமும் அதைத்தான் கேட்கவிருந்தோம்.

பெரியவர் ஒரு மர அளவுகோலை விரல்மீது நிறுத்திக் காட்டினார். விமானம் என்பது ஏற்றக்கோல் மாதிரி. அதன் எடை முழுதும் ஒரு புள்ளியில் சமன்பட்டு நிற்கவேண்டும். பழகுவதற்கேற்ற விமானத்தில் அப்புள்ளி, சிறகின் முன்விளிம்பிலிருந்து சிறகு அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே விழவேண்டும். பையனுடைய சிறகின் அகலம் 20 சென்டிமீட்டர். ஆகவே 5-க்கும் 6½-க்கும் இடையில். வால், அந்தப் புள்ளிக்குப் பின்னே 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 24 கிராமை 60 சென்டிமீட்டரால் பெருக்கினால் 1,440. இதை விமானத்தின் மொத்த எடையாகிய 800 கிராமால் வகுத்தால் 1.8. அதாவது, சமன்புள்ளி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் பின்னுக்குப் போய்விட்டது. முன்பு 6½-இல் நின்றது இப்போது 8-ஐயும் தாண்டிவிட்டது. அப்படிப் பின்பாரம் ஏறிய விமானத்துக்கு நிலை கிடையாது. மூக்கு சற்று நிமிர்ந்தால் தானே இறங்காது, மேலும் நிமிரும்; தாழ்ந்தால் மேலும் தாழும். முன்பாரம் அதிகமானால் விமானம் சோம்பலாகப் பறக்கும், அவ்வளவுதான். பின்பாரம் அதிகமானால் பழகியவன் கையிலும் அடங்காது. காலையில் நாம் கண்டது இதுவே.

சரி, மூக்கில் கனம் வைத்து ஈடுகட்டலாமே என்றால், அங்கேதான் ஏற்றக்கோல் நம்மைப் பழிவாங்குகிறது. மூக்கிலுள்ள பேட்டரி சமன்புள்ளிக்கு முன்னே 15 சென்டிமீட்டர்தான். வாலில் ஏறிய 24 கிராமை அங்கே ஈடுகட்ட 96 கிராம் வைக்கவேண்டும்! நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வட்டி கட்டுவதாகும். அதைச் சுமக்க வேகம் வேண்டும். வேகமாகப் பறந்தால் வேகமாகத்தான் இறங்கவேண்டும். வேகமாக இறங்கினால் மறுபடியும் வால் முறியும்.

பெரியவர் காட்டிய வழி வேறு. பசையை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார், நாடாவை உரித்தார். முறிந்த விளிம்புகளை நேருக்கு நேர் ஒட்டாமல் நீளச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தார். தாயாரிடம் தென்னந்துடைப்பத்திலிருந்து நல்ல ஈர்க்குச்சிகள் நான்கு கேட்டு வாங்கி, முறிவுக்குக் குறுக்கே இரு முகத்திலும் பள்ளம் கீறிப் பதித்தார். சாதாரண வெள்ளைப் பசையை விரலால் தடவி, மிகுந்ததை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மேலே இரண்டு புத்தகங்களைப் பாரமாக வைத்தார். "காலையில் எடு, அதற்கு முன்னே தொடாதே" என்றார். மறுநாள் நிறுத்தபோது மிகை 9 கிராம்தான். அந்த ஒன்பது கிராமை ஈடுகட்டக் கனம் ஏதும் தேவைப்படவில்லை. 180 கிராம் பேட்டரியை மூன்று சென்டிமீட்டர் முன்னே நகர்த்தியதும் கணக்கு நேராயிற்று.

உடைந்த இடத்தில் வலுவை ஏற்ற நினைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அப்படி ஏற்றினால் அடுத்த முறை அதற்குப் பக்கத்து இடம் முறியும், கனமும் மீதியாகும். முன்னிருந்த வலுவை முன்னிருந்த எடைக்குள் மீட்பதே செப்பனிடுதல். பால்ஸா மரத்தில் கட்டிய விமானத்துக்கும் இதே முறைதான். தென்னமெரிக்காவின் எக்வடார் நாட்டிலிருந்து பெரும்பாலும் வரும் அம்மரம், தேக்கின் கனத்தில் நாலில் ஒரு பங்கே இருக்கும். சிறகின் முதுகெலும்பான சட்டம் முறிந்தால், அதன் கனத்தைப்போல் எட்டிலிருந்து பத்து மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒட்டவேண்டும். குட்டையாக ஒட்டினால் ஒட்டு தாங்காது.

பசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நொடியில் பிடிக்கும் பசையைத் தெர்மாகோலில் இட்டால், ஒட்டுவதற்குப் பதிலாக அதைத் தின்றுவிடும். கண்ணெதிரே குழி விழும். கடையில் வாங்கும் வார்ப்பு நுரை விமானங்களில் சில வகை அதைத் தாங்கும். ஆகவே ஒரு துண்டில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அவ்வகை நுரை நசுங்கிப்போனால், கொதிக்கும் நீரை மெதுவாக ஊற்ற, உள்ளே அடங்கிய காற்று விரிந்து பள்ளம் பெரும்பாலும் எழும்பிவிடும். மின்கருவிகளைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒரு வீட்டில் சொல்லவேண்டி வந்தது!

சர்வோ பெரும்பாலும் முழுதும் கெடுவதில்லை. உள்ளேயுள்ள நைலான் பற்சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கும். கையால் கரத்தை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் தத்தும். பற்சக்கரங்கள் தனியாகவே கிடைக்கின்றன. அறுந்த கம்பிக்கு ஈயம் வைத்துப் பற்றவைக்க, பற்றுக்கோல் ஒன்று வேண்டும். டில்லியில் லஜபத்ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு என்று எவ்வூரிலும் அதற்கென ஒரு சந்து இருக்கிறது. பிள்ளையைக் கூட அழைத்துக்கொண்டு போனால், அரை நாளில் அவன் கற்றுக்கொள்வது அதிகம்.

செப்பனிடவே கூடாத பொருள்கள் இரண்டு. ஒன்று புரொப்பல்லர். பத்து அங்குலப் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழலும்போது அதன் நுனி மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் செல்கிறது. மயிரிழைக் கீறல் விட்டிருந்தாலும் அதை ஒட்டிப் பயன்படுத்துவது, வீட்டுக்குள் கத்தியை எறிவதற்கு ஒப்பாகும். உடைத்து எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். வீட்டில் மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிட்டே சோதிக்கவேண்டும். இதற்கு விலக்கே கிடையாது.

மற்றொன்று பேட்டரி. லிபோ எனப்படும் லிதியம் பேட்டரியைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ளாமல் இப்பொருளை வீட்டுக்குள் அனுமதிக்கலாகாது. அதன் ஒவ்வொரு செல்லும் நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது, பயன்படுத்தாமல் அலமாரியில் வைக்கும்போது 3.8 வோல்ட்டில் வைக்கவேண்டும். மின்னேற்றும்போது அதற்குரிய, செல்களைச் சமன்படுத்தும் சார்ஜரே வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். மெத்தை, திரை, காகிதம் எதுவும் அருகில் இருக்கலாகாது. மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையிலோ மண்தொட்டியிலோ வைத்து ஏற்றுவது உத்தமம். இரவு மாட்டிவிட்டுத் தூங்கப்போவது அறவே கூடாது. விழுந்து அடிபட்ட பேட்டரி வெளியே நன்றாகத் தெரிந்தாலும், அரை மணி நேரம் கழித்துக்கூட உள்ளுக்குள் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். வயலில் விமானம் விழுந்ததும் பெரியவர் முதலில் செய்தது, பேட்டரியைக் கழற்றி வெறுந்தரையில் தனியே வைத்ததுதான். அதன் உறை உப்பியிருந்தது. உப்பிய பேட்டரிக்கு மருந்து கிடையாது. அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல், பழைய மின்பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். புதிய பேட்டரிக்குப் பணம் கொடுத்தவர், "ஒரு காசு கிடையாது" என்று சொன்ன அதே தகப்பனார்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

கட்டுவதும் செப்பனிடுவதும் இருக்க, ஓட்டுவதில் புதியவனை வீழ்த்துவது எது? விமானம் தன்னைவிட்டு விலகிப் போகும்போது வலம் வலமாகவே இருக்கும். திரும்பித் தன்னை நோக்கி வரும்போது வலம் இடமாகிவிடும். பதற்றத்தில் விரல் எதிர்ப்பக்கம் போகும். அதற்கு ஒரு தந்திரம் உண்டு: எதிரே வரும் விமானத்தின் எந்தச் சிறகு தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் விமானம் நிமிர்ந்துவிடும். கணிப்பொறியில் பயிற்சி செய்ய மென்பொருள்கள் உள்ளன. அங்கே நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. களத்தில் முதலில் டிரான்ஸ்மிட்டரைத் திறந்து, அதன் பின்பே விமானத்துப் பேட்டரியை இணைக்கவேண்டும். முடித்துக்கொள்ளும்போது அதற்கு நேர்மாறு. குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது எய்லெரான் மேலே எழுகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்கவேண்டும். பழுதுபார்த்து மறுபடி மாட்டியபின் இது தலைகீழாகி, கிளம்பிய கணமே விழுந்த விமானங்கள் ஏராளம்.

இடமும் முக்கியம். 2021-இல் வெளியான ட்ரோன் விதிகள் ஆளில்லாமல் பறப்பவற்றையெல்லாம் எடையைக்கொண்டு வகுக்கின்றன: 250 கிராம்வரை ஒரு வகை, அதற்குமேல் 2 கிலோகிராம்வரை அடுத்தது. அரசு வெளியிட்டுள்ள வான்பரப்பு வரைபடத்தில் பச்சை நிறமுள்ள இடமே நமக்கு உரியது; விமான நிலையங்களைச் சுற்றியும் தலைநகரின் மிகப்பெரும் பகுதியிலும் அந்நிறம் கிடையாது. குடியிருப்புப் பூங்காவில், குழந்தைகள் தலைக்குமேல் பறக்கவிடும் வேலையே வேண்டாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பதிவு முதலியவற்றைப் பற்றிப் புறப்படுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

பிள்ளைகள் பள்ளியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்திருந்தால் அவர்களுக்கு இக்கலை ஒரு பாடமாகவே உண்டு. அகில இந்திய முகாமில் போட்டியும் உண்டு. தாய்மார்களுக்கு வேறொரு சிபாரிசு போதும்: நடிகர் அஜித்குமார் நெடுநாளாக இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்; 2018-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். இதைச் சொன்னவுடன் நம் வீட்டில் எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர் விமானத்தையும் கொண்டுபோக விரும்புவது இயல்பு. வற்றிய ஏரியைப்போல் உகந்த களம் வேறு ஏது? சிறகு தனியே கழலும்படி கட்டியிருந்தால் ஓர் அட்டைப்பெட்டி போதும். ஆகாய மார்க்கமாகப் போகிறவர்கள் உதிரிப் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்கலாகாது. 100 வாட்-மணி வரையுள்ளதற்குத் தனி அனுமதி தேவையில்லை, பையனுடையது 11.1 வோல்ட், 2,200 மில்லியாம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 25 வாட்-மணிகூட ஆகாது. முனைகளில் நாடா ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இடவேண்டும்.

வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே வயலுக்கு மறுபடியும் போனோம். காற்று எழுமுன் இறக்கிவிடவேண்டும் என்பதால் இன்னும் முன்னதாகவே புறப்பட்டோம். பையன் சிறகின் அடியில் இரு விரல்களை வைத்துச் சமன் பார்த்தான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. எய்லெரானை அசைத்துப் பார்த்தான். பெரியவர் ஒன்றும் பேசாமல் பத்தடி தள்ளி நின்றார். தகப்பனார் வீசினார், கை நடுங்கியது நமக்குத் தெரிந்தது.

ஏழு நிமிடம் பறந்தது. திருப்பங்களில் அவன் கொஞ்சம் தடுமாறினான். ஒருமுறை நம்மை நோக்கி வரும்போது தாழ்ந்த சிறகின் பக்கம் குச்சியைத் தள்ளி மீட்டுக்கொண்டான். இறங்கும்போது தாளில் உரசி, சறுக்கி, குப்புறக் கவிழாமல் நின்றது. ஓடிப்போய் அவன் முதலில் தொட்டுப் பார்த்தது வாலைத்தான். ஈர்க்குச்சி நான்கும் பதித்த இடத்திலேயே இருந்தன. வயற்காரர் இம்முறை எருமையை ஓட்டவில்லை. தாமும் வந்து உட்கார்ந்து, இரண்டு இட்டிலி வாங்கிச் சாப்பிட்டார்.

தராசு மட்டும் அன்றே சமையலறைக்குத் திரும்பிவிட்டது. வடகத்துக்கு அரிசி நிறுக்கவேண்டுமாம். விமானத்துக்கென்று தனித் தராசு வாங்கிக்கொள்ளும்படி தாயாரின் உத்தரவு.